விலை குறைந்தாலும் அந்தப் பெரிய பை வேண்டாம்

முதிய நாய்களுக்கான டாக் ஃபுட் ஒன்றின் 10 கிலோ பைக்கு விலை குறைந்திருக்கிறது. வயதான நாய் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் "நீங்கள் வாங்குவது இதுதானே, வாங்கிவிடவா?" என்று கேட்டார். போனில் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

உணவில் குறை சொல்ல மனம் வராது. எங்கள் லாப்ரடார் செல்லிக்கு 12 வயது. சில வருடங்களாக இதைத்தான் தருகிறோம். மலம் ஒழுங்காகப் போகிறது, முடி கொட்டுவது குறைந்திருக்கிறது, எடையும் ஏறவில்லை. பசி அடங்க விடாத ஒரு மரபணு மாற்றம் லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு உண்டு என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் கண்டறிந்தார்கள். அப்படிப்பட்ட இனத்தில் எடையைக் கட்டுக்குள் வைப்பது சின்ன விஷயமில்லை.

என் கோபமெல்லாம் பையின் மேல்தான். பிரித்த முதல் வாரம் செல்லி கிண்ணத்தை நக்கித் துடைத்துவிடுகிறாள். நாளாக ஆக முகர்ந்து பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், போய்ப் படுத்துக்கொள்கிறாள். புதுப் பை பிரித்தால் மறுபடி சாப்பிடுகிறாள். அடம் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அடமே இல்லை. இந்த உணவின் மேல் பூசியிருக்கும் கொழுப்பு காற்றும் சூடும் பட்டால் சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும். சென்னை வெயிலில் இன்னும் சீக்கிரமாக. நாய் முதலில் சாப்பிடுவது மூக்கால்தான். வயதானால் அந்த மூக்கும் மங்கும். இருக்கிற கொஞ்ச மணமும் போய்விட்டால் அது எதை நம்பி வாய் வைக்கும்?

நாளுக்கு 250 கிராம் சாப்பிடும் நாய்க்கு 10 கிலோ 40 நாள் வரும். முதிய நாய் குறைவாகத்தான் சாப்பிடும் என்று தெரிந்தே செய்கிற உணவு இது. அந்தப் பைக்கு ஒரு ஜிப் கூட வைக்கவில்லை. 3 கிலோ பையில் ஜிப் இருக்கிறது, விலைக் குறைப்பு இல்லை. இதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது.

இப்போது பையை அப்படியே மடித்துக் கிளிப் போட்டு, இறுக மூடும் அரிசி டிரம்முக்குள் வைக்கிறோம். டிரம்மில் கொட்டி வைக்காதீர்கள்; சுவரில் ஒட்டும் பழைய கொழுப்பு அடுத்த பையையும் கெடுக்கும். அப்புறம், வெந்நீர். கொதிக்கக் கொதிக்க வேண்டாம். கொஞ்சம் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, விரல் வைத்தால் இளஞ்சூடாக இருக்கும்போது கொடுக்க வேண்டும். மணம் குப்பென்று எழும்புகிறது. சமையலறையில் அந்த வாசனை வந்ததும் செல்லி வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வருவதைப் பார்க்கும் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை. உப்பு போடாமல் கோழி வேகவைத்த தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது. வெங்காயமும் பூண்டும் அதில் இருக்கவே கூடாது. நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அவை சிதைக்கும். ரசம் சாதம் வேண்டாம் என்று நான் மன்றாடுவதும் அதனால்தான்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வெறும் கோழியைக்கூட மறுத்தால், வாயில் எடுத்துக் கீழே போட்டால், எச்சில் வடிந்தால், வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடித்தால், பையைக் குறை சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். பல் வலியோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம். டாக்டரிடம் போய்ப் பல்லைக் காட்டுங்கள், சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பாருங்கள். செல்லிக்கு அதெல்லாம் பார்த்து, கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகுதான் பையைத் திட்டுகிறேன்.

உணவுக்கு மட்டும் மதிப்பெண் என்றால் ஐந்துக்கு நான்கு தருவேன். இந்தப் பைக்கு இரண்டுதான். ஒரே பைக்குள் 2 கிலோவாக ஐந்து பாக்கெட் போட்டு விற்கட்டும், மறுநாளே வாங்குகிறேன். அதுவரை 3 கிலோ பைதான், கூடுதல் காசு கொடுத்தாவது.