உள்ளடுக்கு ட்ரையில் மூடும் வேலை யாருடையது: ஃபைனலியா, ட்ரை-வித்-ரிசோர்ஸஸா, வித்-ஆ, டிஃபரா?

ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் நிறைந்துவிடுகிறது, எக்ஸெப்ஷன், அதாவது நிரல் ஓடும்போது எழும் பிழை, கிளம்புகிறது. ட்ரை பகுதி முடியும்போது பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் ஃபைனலிக்குள், ஃபைலை மூடும் க்ளோஸை அழைக்கிறோம். பஃபரில் (எழுதுமுன் தற்காலிகமாகச் சேரும் இடத்தில்) மிச்சமிருந்ததை எழுதப் பார்த்து அதுவும் தோற்கிறது. இப்போது பிழைகள் இரண்டு. மேலே போய்ச் சேருவது எது? பிழை கையாளும் முறைகளை நான் எடைபோடுவது இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

ஜாவாவின் சாதாரண ஃபைனலியில் இரண்டாவது மட்டுமே வெளியே வரும். முதலாவது சுவடே இல்லாமல் போய்விடும். க்ளோஸ் கிளப்பிய பிழையைத் துரத்தி ஒரு முழு நாளை நான் இழந்திருக்கிறேன். உண்மையான காரணம் உள்ளே இருந்த ட்ரையில் தரவு தவறாக வந்தது. அதைச் சொல்லும் ஒரு வரிகூட நிரலின் பதிவுக் குறிப்பான லாகில் இல்லை.

சரி, ஃபைனலியை ஏன் அடுக்க வேண்டும்? மூன்று ரிசோர்ஸ்களை (ஃபைல் போலத் திறந்து மூட வேண்டியவற்றை) ஒரே ஃபைனலியில் வரிசையாக மூடினால், முதல் க்ளோஸ் தோற்றதும் மற்ற இரண்டும் திறந்தபடியே நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு க்ளோஸுக்கும் தனி ஃபைனலி, அதாவது மூன்று அடுக்கு ட்ரை. அப்படி அடுக்கினால் எல்லாமே மூடப்படும், ஆனால் முதல் பிழை தொலைவது மட்டும் தீராது. அதையும் காப்பாற்ற வேண்டுமென்றால் முதல் எக்ஸெப்ஷனை ஒரு மாறியில் பிடித்து வைத்து, ஃபைனலிக்குள் இன்னொரு ட்ரை போட வேண்டும். அவசரத்தில் இதை யாரும் சரியாக எழுதி நான் பார்த்ததில்லை.

2011-இல் ஜாவா 7-உடன் வந்த ட்ரை-வித்-ரிசோர்ஸஸ் இந்த இரண்டு சிக்கலையும் ஒரே வீச்சில் தீர்க்கிறது. திறந்த வரிசைக்குத் தலைகீழாக மூடுகிறது. ஒன்று மூடாமல் தகராறு செய்தாலும் மற்றவற்றை விடுவதில்லை. முதல் பிழைதான் வெளியே போகும்; க்ளோஸில் வந்த பிழைகள் அதனுடன் 'சப்ரெஸ்ட்' (அடக்கிவைக்கப்பட்டவை) ஆக ஒட்டிக்கொள்ளும், பிழை வந்த வழியைக் காட்டும் ஸ்டாக் ட்ரேஸிலும் தெரியும். பிழையைப் பிடிக்கும் அதே ட்ரையின் கேட்ச் பகுதி, ரிசோர்ஸ்கள் மூடப்பட்ட பிறகுதான் ஓடும். பழைய பழக்கத்தில் கேட்சுக்குள் அந்தக் கனெக்‌ஷனைத் தொடப் போனால் கை சுடும். இன்னொரு பொறி: ஒரு ரீடருக்குள் இன்னொரு ரீடரை ஒரே வரியில் உருவாக்கினால், வெளி ரீடரை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர் தோற்கும்போது உள்ளே இருப்பதை மூட யாரும் இல்லை. இரண்டையும் தனித்தனியாக அறிவிப்பதே நல்லது.

சி ஷார்ப்பின் யூஸிங்கும் பார்க்க இதே போல இருக்கும். ஆனால் உள்ளுக்குள் அது வெறும் ட்ரை-ஃபைனலிதான். அங்கே மூடும் மெத்தடான டிஸ்போஸ் பிழை கிளப்பினால் முதல் பிழை போயே போச்சு. அதனால்தான் டிஸ்போஸிலிருந்து எக்ஸெப்ஷன் வீசாதீர்கள் என்று அங்கே வலியுறுத்துகிறார்கள். சி++ இன்னும் கண்டிப்பு: ஒரு பிழை மேலேறிக்கொண்டிருக்கும்போது பொருள் அழியும்போது ஓடும் டிஸ்ட்ரக்டரிலிருந்து இன்னொன்று வெளியேறினால் நிரலே நின்றுவிடும்.

பைத்தான் 3-இல் சாதாரண ஃபைனலிகூட முதல் பிழையைத் தொலைப்பதில்லை. வெளியே வருவது இரண்டாவதுதான் என்றாலும் முதலாவது அதன் பின்னால் சங்கிலியாகத் தொங்கும், ட்ரேஸ்பேக்கில் இரண்டும் அச்சாகும். ஆனால் எனக்கு அங்கே மிகவும் பிடித்தது, ரிசோர்ஸைத் தானே மூடும் வித். அதன் வெளியேறும் மெத்தடுக்கு, உள்ளே பிழை நடந்ததா, என்ன பிழை என்பதெல்லாம் ஆர்க்யுமென்ட்டாக வந்துவிடும். ஜாவாவின் க்ளோஸுக்கு அந்தச் செய்தி போவதே இல்லை. டேட்டாபேஸ் ட்ரான்ஸாக்‌ஷனில் கமிட்டா (மாற்றங்களை உறுதிசெய்வதா) ரோல்பேக்கா (திரும்பப் பெறுவதா) என்று முடிவெடுக்க அந்தச் செய்திதானே வேண்டும்! எத்தனை ரிசோர்ஸ் என்பது ஓடும்போதுதான் தெரியும் என்றால், பலவற்றைச் சேர்த்துவைத்து மூடும் எக்ஸிட்ஸ்டாக் இருக்கிறது; அடுக்கே தேவையில்லை.

மூடும் வேலையைப் பிறகு ஓடும்படி ஒத்திவைக்கும் கோ மொழியின் டிஃபரில் அடுக்கு என்ற பேச்சே இல்லை. மூடும் வரி திறக்கும் வரிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் படிக்க அவ்வளவு இதம். ஆனால் அது ஓடுவது ஃபங்ஷன் முடியும்போது. லூப்புக்குள் டிஃபர் போட்டால் ஆயிரம் ஃபைல்கள் கடைசி வரை திறந்தே கிடக்கும். க்ளோஸ் திருப்பித் தரும் பிழையும் சாதாரண டிஃபரில் காற்றோடு போய்விடும். படிக்கிற ஃபைலுக்குப் பரவாயில்லை, எழுதுகிற ஃபைலுக்கு அது ஆபத்து.

ஆக, ஜாவாவில் க்ளோஸ் உள்ள எதற்கும் இனி நான் ஃபைனலி எழுதுவதில்லை. லாக்குக்கு (ஒரே நேரத்தில் பலர் நுழையாமல் தடுக்கும் பூட்டுக்கு) மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் ஜாவாவின் பூட்டான ரீஎன்ட்ரன்ட்லாக்கை ட்ரை-வித்-ரிசோர்ஸஸில் நேரடியாகப் போட முடியாது. அங்கேயும் லாக் எடுப்பதை ட்ரைக்கு வெளியே வைக்கிறேன். உள்ளே வைத்து, எடுப்பதே தோற்றால், எடுக்காத லாக்கை விடப் பார்த்து ஃபைனலி இன்னொரு பிழையைக் கிளப்பும். அப்புறம் மறுபடியும் முதல் பிழையைத் தேட வேண்டியதுதான்.