முதல் கேமை எங்கே வெளியிடுவது? இட்ச், பிளே ஸ்டோர், ஸ்டீம், பப்ளிஷர்: ஓர் அலசல்

"அண்ணா, என் கேமை எந்தக் கம்பெனி எடுக்கும்?"

தண்டையார்பேட்டையில் என் வீட்டு மாடிக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். கதை எழுதினால் பதிப்பகம் தேடுவது மாதிரி, கேம் செய்தால் பப்ளிஷர் தேட வேண்டும் என்று நினைக்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. ஒரு பான் கார்டு, ஒரு வங்கிக் கணக்கு, அதிகம் போனால் 100 டாலர். இவ்வளவு இருந்தால் கேமை உலகம் முழுக்க விற்பனைக்கு வைத்துவிடலாம். எந்த வாசல் வழியாகப் போவது என்பதில்தான் யோசனை வேண்டும்.

அண்மையில் வந்த இருவரை வைத்தே சொல்கிறேன். ஒருவன் காசிமேட்டுத் தம்பி, அப்பாவோடு விசைப்படகில் போகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும் அந்த 61 நாளில் கோடோ என்ற கேம் செய்யும் மென்பொருளைக் கற்றுக்கொண்டு, இரவில் படகைத் துறைமுகத்துக்குள் கொண்டுவரும் கேம் ஒன்றைக் கம்ப்யூட்டருக்காகச் செய்தான். இன்னொருத்தி வியாசர்பாடித் தங்கை, கல்லூரி இரண்டாம் ஆண்டு. அவள் செய்தது போனில் ஆடும் கேரம். இருவருக்கும் ஒரே பதில் சரிவராது.

யார் வேண்டுமானாலும் கேமை ஏற்றக்கூடிய இட்ச் (itch.io) தளத்திலிருந்து தொடங்குகிறேன். முதல் கேம் செய்த யாரையும் நான் முதலில் அனுப்புவது அங்கேதான். 2013-இல் தொடங்கிய தளம். நுழைவுக் கட்டணம் கிடையாது. காலையில் ஏற்றினால் காலையிலேயே பக்கம் தயார். விற்பனையில் தளத்துக்கு எத்தனை சதவீதம் என்பதை நீங்களே வைக்கலாம்; மாற்றாமல் விட்டால் 10, பூஜ்ஜியம் என்று வைத்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் எனக்கு இதெல்லாம் இரண்டாம் பட்சம். பிரவுசரிலேயே ஆட முடிகிறதே, அதுதான் பெரிய விஷயம். வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால் போதும். "டவுன்லோட் பண்ணு, ஜிப்பைப் பிரி, விண்டோஸ் எச்சரிக்கை வந்தால் தாண்டிப் போ" என்று சொன்னால் கூடப்பிறந்த தம்பியே ஆட மாட்டான்.

காசிமேட்டுத் தம்பி அப்படித்தான் ஏற்றினான். ஏற்றிய அன்றே லேப்டாப்பை மீன்பிடித் துறைமுகத்து டீக்கடைக்கு எடுத்துப் போய், முப்பது வருடமாகப் படகு ஓட்டும் பெரியவர் ஒருவர் கையில் கொடுத்தான். நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் இரண்டு நிமிடம் ஆடினார். பட்டனிலிருந்து விரலை எடுத்ததும் திரையில் படகு அங்கேயே நின்றது. மறுபடி ஓட்டினார், மறுபடி விரலை எடுத்தார், மறுபடியும் நின்றது. "எஞ்சினை நிறுத்துனா போட்டு நிக்காதுப்பா, இழுத்துக்கினு போவும்" என்றார். அன்று இரவே தம்பி உட்கார்ந்து அதை மாற்றினான். விரலை எடுத்த பிறகும் படகு வழுக்கிக்கொண்டு போகிறது. சுவர் எங்கே என்று முன்கூட்டியே யோசித்து எஞ்சினை அணைக்க வேண்டும். கேமின் உயிரே இப்போது அதுதான். மாற்றிய பதிப்பை மறுபடி ஏற்ற அவனுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிளே ஸ்டோரில் இந்த வேகம் கிடையாது.

செலஸ்ட் என்ற கேமைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2018-இல் வந்த அந்த முழு கேமுக்கு விதை, 2015-இல் நான்கே நாளில் செய்த ஒரு சின்னப் பதிப்பு. சின்னதாக வைத்து, ஆடவிட்டு, பிறகு வளர்ப்பது பெரியவர்களும் போன வழிதான்.

ஏற்றும்போது இடறும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கோடோ நான்காம் பதிப்பில் சி ஷார்ப் என்ற நிரல்மொழியில் எழுதிய கேமை பிரவுசருக்கு மாற்ற முடியாது. கோடோவின் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்டில் எழுதியிருக்க வேண்டும். படக் கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது, பிரவுசரில் அந்தப் படமே வராது. ஜிப்பைப் பிரித்தால் 1,000 கோப்புகளுக்கும் 500 எம்பிக்கும் மேல் போகக்கூடாது. முதல் கேமுக்கு இது தாராளம்.

சரி, காசு? இட்சை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் இலவசமாக ஆட வருகிறவர்கள். தெரியாத ஒருவர் ஆடி, "விளக்கை எப்படிப் போடுவது என்றே தெரியவில்லை" என்று எழுதிவிட்டுப் போவார். அந்த ஒரு வரிதான் அங்கே சம்பாத்தியம். முதல் கேமுக்கு அது பெரிய சம்பாத்தியம் என்று நான் மனதார நம்புகிறேன்.

கேரம் செய்த தங்கைக்கு பிளே ஸ்டோர்தான் வாசல், ஏனென்றால் அவள் கேமை ஆடப்போகிறவர்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன். கட்டணம் 25 டாலர், வாழ்நாளுக்கு ஒரே முறை. வருடத்தின் முதல் 10 லட்சம் டாலர் வருமானம் வரை கூகுள் எடுப்பது 15 சதவீதம். கேட்கும்போது இட்சுக்கு அடுத்த எளிய வழி இதுதான் என்று தோன்றும். ஆனால் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. 12 டெஸ்டர்கள், அதாவது ஆடிச் சோதிப்பவர்கள், தொடர்ந்து 14 நாள் உங்கள் சோதனைப் பதிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்று இருந்தது, 2024 டிசம்பரில் குறைத்தார்கள். அதன் பிறகுதான் பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியும்.

வடசென்னையில் கேரம் ஆடுகிறவர்களுக்கா பஞ்சம்? 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்த மண்ணின் பெண்தான். தங்கை தன் தெருவுக்குப் பக்கத்து கிளப்பில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து ஜிமெயில் முகவரி வாங்கினாள். சரியாக 12 பேர். ஒன்பதாவது நாள் ஒருவன் சோதனையிலிருந்து விலகிவிட்டான், கணக்கு உடைந்தது, மறுபடி முதலிலிருந்து. அதனால் சொல்கிறேன், 12 வேண்டுமென்றால் 18 பேரைச் சேருங்கள். காசு வாங்கிக்கொண்டு டெஸ்டர் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். விண்ணப்பத்தில், சோதனையில் என்ன தெரிந்துகொண்டீர்கள் என்றும் கேட்பார்கள். அவளிடம் சொல்ல நிறைய இருந்தது. கிளப்பில் அத்தனை பேரும் ஸ்ட்ரைக்கர் மேலேயே விரலை வைத்து இழுத்தார்கள். குறி பார்க்க வேண்டிய இடத்தை விரலே மறைத்தது. ரெட் போட்டுவிட்டு ஃபாலோ போடும் நேரத்தில் எரிச்சலாகிப் போனைக் கீழே வைத்தார்கள். இப்போது திரையில் எங்கே தொட்டு இழுத்தாலும் ஸ்ட்ரைக்கர் குறி பார்க்கிறது.

பிளே ஸ்டோரில் இன்னும் சில சங்கதி. கேமில் காசு வாங்கினால் தனிநபர் கணக்கின் முழு முகவரியும் பொதுவில் தெரியும். ஒரு பெண்பிள்ளை வீட்டு முகவரியை ஊருக்கே காட்ட வேண்டுமா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். விளம்பரம் வைத்தால், வருமானம் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்கும் ரகசிய எண் தபாலில் வரும். நம் தெருக்களில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதாவிட்டால் அந்தத் தபால் எந்த வீட்டுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. அப்புறம், ஆண்ட்ராய்டு மாற மாற கேமையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் புதுப் போன்களில் புதியவர்களுக்குக் கேம் தெரியாமல் போகும். ஏற்றிவிட்டு மறக்கும் இடமல்ல.

காசு கட்டி ஆடும் கேரம் செய்தால் என்ன என்று கிளப்பில் ஒருவர் அவளைக் கேட்டிருக்கிறார். வேண்டவே வேண்டாம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே நிறைவேற்றியிருக்கிறது.

கம்ப்யூட்டர் கேமை விற்க வேண்டுமென்றால் ஸ்டீம்தான் சந்தை. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. 2017 ஜூனிலிருந்து யார் வேண்டுமானாலும் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டி நுழையலாம். நம் பணத்தில் ஒன்பதாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். கேம் 1,000 டாலருக்கு விற்றால் அந்த 100 டாலர் திரும்பக் கிடைக்கும். விற்பனையில் 30 சதவீதம் அவர்களுக்கு. கட்டும் முன் உங்கள் கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனையை இயக்கிவிடுங்கள். பலர் அங்கேயே மாட்டுகிறார்கள். வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால், அமெரிக்க விற்பனையில் பிடிக்கும் வரி 30-லிருந்து 15 சதவீதமாகக் குறையும். அந்தப் பக்கத்தை அவசரத்தில் தாண்டிப் போனால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

நாள் கணக்கைக் கவனமாகப் போடுங்கள். பணம் கட்டி 30 நாள் ஆகாமல் முதல் கேமை வெளியிட முடியாது. "விரைவில்" என்ற பக்கமும் குறைந்தது இரண்டு வாரம் கடையில் இருந்திருக்க வேண்டும். பொங்கலுக்கு வெளியிட நினைப்பவர் கார்த்திகையிலேயே பணம் கட்டியாக வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால் அந்த இரண்டு வாரம் போதவே போதாது. பல மாதம் முன்பே பக்கத்தைத் திறந்துவிடுங்கள். பக்கத்தைப் பார்த்துப் பிடித்தவர்கள் விஷ்லிஸ்டில், அதாவது வாங்க நினைக்கும் பட்டியலில், போட்டுக்கொள்வார்கள், வெளியாகும் அன்று ஸ்டீமே அவர்களுக்கு மெயில் அனுப்பும். விஷ்லிஸ்ட் காலியாக இருக்கும்போது வெளியிடுவது, பத்திரிகை அடிக்காமல் கல்யாணம் வைப்பது மாதிரி. வருடத்தில் சில முறை நடக்கும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற டெமோ திருவிழாவில் ஒரு கேம் ஒரே முறைதான் கலந்துகொள்ள முடியும். அரைகுறை டெமோவோடு அதை வீணாக்காதீர்கள்.

வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். காசிமேட்டுத் தம்பியின் கேம் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது. அதற்காகச் சும்மா இழுக்க வேண்டாம், விலையைக் குறைவாக வை என்றேன். இன்னொன்று: 10 விமர்சனம் சேர்ந்தால்தான் மதிப்பீடு தெரியும். நண்பர்களுக்கு இலவசக் கீ (கேமைத் தங்கள் கணக்கில் சேர்க்கும் குறியீடு) கொடுத்து எழுதச் சொன்னால் அது அந்த மதிப்பீட்டில் சேராது. வாங்கியவர்கள் எழுத வேண்டும்.

எபிக் கடையிலும் கேமுக்கு 100 டாலர்தான், பங்கு ஸ்டீமைவிட மிகக் குறைவு, ஆனால் முதல் கேமைத் தேடிக் கண்டுபிடிக்கும் கூட்டம் அங்கே குறைவு. ஆப்பிளுக்கு வருடா வருடம் 99 டாலர், போதாததற்கு மேக் கம்ப்யூட்டர் வேறு. கன்சோலைப் பற்றி இரண்டாவது கேமில் பேசுவோம்.

கடைசியாக, எல்லோரும் முதலில் கேட்கும் பப்ளிஷர். நல்ல பப்ளிஷர் முன்பணம் தருவார், பல போன்களிலும் கம்ப்யூட்டர்களிலும் சோதித்துத் தருவார், மொழிபெயர்ப்பு, விளம்பரம் எல்லாம் பார்த்துக்கொள்வார். ஸ்டார்டியூ வேலி ஒரே ஆள் செய்த கேம்; 2016-இல் அதை ஒரு பப்ளிஷர்தான் வெளியிட்டது, பின்னாளில் கேமைச் செய்தவரே வெளியீட்டைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். மறுபக்கம், கனடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைச் சொல்லும் வெண்பா 2023-இல் அதை உருவாக்கிய ஸ்டூடியோவின் சொந்த வெளியீடாகவே வந்தது. அடுத்த வருடம் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருதையும் வாங்கியது. இரண்டு வழியிலும் ஊர் போய்ச் சேரலாம்.

என் கேமுக்கு வந்த பப்ளிஷர் ஒப்பந்தம் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். அனுப்பிய நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மின்ட் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். "நிகர வருமானத்தில் 50 சதவீதம்" என்று முதல் பக்கத்தில் அழகாக இருந்தது. நிகர வருமானம் என்றால் என்ன என்பது ஏழாம் பக்கத்தில்: விளம்பரச் செலவு முழுவதையும் கழித்த பிறகு மிச்சம். அந்தச் செலவுக்கு உச்சவரம்பே இல்லை. அவர்கள் செலவு செய்துகொண்டே போனால் எனக்கு ஒரு ரூபாய்கூட வராது. உச்சவரம்பு எழுதுங்கள் என்று கேட்டேன், பதில் வரவில்லை, நானும் கையெழுத்துப் போடவில்லை. கதை, பெயர், அடுத்த பாகம் ஆகியவற்றின் உரிமை யாருக்கு, கணக்கைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டா, எத்தனை வருடத்தில் கேம் உங்கள் கைக்குத் திரும்பும் என்பதையும் கேளுங்கள். உங்களிடமே பணம் கேட்பவர் பப்ளிஷரே அல்ல.

முதல் கேமோடு பப்ளிஷரைத் தேடிப் போகும்போது உங்கள் கையில் காட்ட எதுவும் இருக்காது. இட்சில் ஆடியவர்கள் எழுதியதும் ஸ்டீம் விஷ்லிஸ்ட் எண்ணும் இருந்தால் பேச்சே வேறு. அதனால்தான் பப்ளிஷரைக் கடைசியில் வைக்கிறேன்.

தங்கை இப்போது நோட்டில் 19 பெயரோடு மறுபடி பதினான்கு நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். தம்பிக்கு நான் சொன்னது: இட்ச் பதிப்பு அப்படியே இலவசமாக இருக்கட்டும், ஸ்டீம் பக்கத்தை இப்போதே திற, அடுத்த தடைக்காலத்தில் இரண்டாவது துறைமுகத்தையும் புயல் இரவையும் சேர்த்து முழு கேமாக்கு. பக்கத்துக்கு முகப்புப் படம் வரைந்து கொண்டுவந்தான். போனில் விரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தோம். இருட்டில் படகே தெரியவில்லை. விளக்கை மட்டும் மஞ்சளாகப் பெரிதாக்கி வரைந்துவரப் போயிருக்கிறான்.