ஹானர் மோடில் முதலில் கை ஓங்குபவர்தான் பிழைக்கிறார்: பால்டர்ஸ் கேட் 3 அணி அமைப்பு, நீண்டகால அனுபவம்

2023 நவம்பர் கடைசியில், பால்டர்ஸ் கேட் 3 வீடியோ கேமின் ஐந்தாவது பேட்ச்சோடு (புதுப்பிப்பு) அதைத் தயாரித்த லேரியன் நிறுவனம் ஹானர் மோட் என்ற மிகக் கடினமான ஆட்ட முறையைக் கொண்டுவந்தது. ஒரே ஒரு சேவ், தோற்றால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. அணியின் நால்வரும் விழுந்தால் அந்த ஆட்டம் ஹானர் ஆட்டமாக அங்கேயே முடிந்துவிடும். பாஸ்களுக்கு (பெரிய எதிரிகளுக்கு) லெஜண்டரி ஆக்‌ஷன்கள் உண்டு, அதாவது நாம் ஆடும் முறையான நம் டர்னிலும் அவர்கள் திருப்பி அடிப்பார்கள். இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு டேமேஜ் கணக்கை மட்டும் பார்த்து அணி கட்டுபவர்கள் கதையின் முதல் பகுதியான முதல் ஆக்ட் தாண்டுவதே கஷ்டம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: எதிரிக்கு எத்தனை டர்ன் கிடைக்கவிடாமல் செய்கிறோம்.

அதற்கு முதல் படி இனிஷியேட்டிவ், சண்டையில் யார் முதலில் ஆடுவது என்பதைத் தீர்மானிக்கும் எண். மேசையில் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இதற்கு இருபது பக்க டைஸ். இந்த கேமில் நான்கு பக்க டைஸ்தான். டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 16 என்றால் +3. அதன்மேல் அலர்ட் ஃபீட் (லெவல் உயரும்போது எடுக்கும் சிறப்புத் திறன்) +5. டைஸில் 1 விழுந்தாலும் மொத்தம் 9. +2 வைத்திருக்கும் எதிரிக்கு 4 விழுந்தாலும் 6தான். அலர்ட் இருப்பவரை திடீர்த் தாக்குதலில் திகைக்க வைக்கவும் முடியாது. நான்காவது லெவலில் எல்லாரும் ஸ்டாட்டை (ஸ்ட்ரெங்த் போன்ற அடிப்படை எண்ணை) 2 ஏற்றப் போவார்கள். எதிரியை முடக்கும் கண்ட்ரோல் ஸ்பெல் (மந்திரம்) போடுபவருக்கு அந்த இடத்தில் அலர்ட் எடுப்பதே சரி.

பல முறை ஆடியும் மாற்றத் தோன்றாத நால்வர் இவர்கள்: வில்லேந்திய ஸ்வோர்ட்ஸ் பார்ட் (பாடகர்), வெறுங்கையால் அடிக்கும் ஓப்பன் ஹேண்ட் மங்க், டெம்பெஸ்ட் கிளெரிக் கலந்த சார்சரர் (மந்திரவாதி), ஒரு பாலடின் (புனித வீரர்).

பார்ட்தான் அணியின் மூளை. பேச்சுவார்த்தையும் அவர் கையில்தான் இருக்க வேண்டும். ஆறாவது லெவலில் எக்ஸ்ட்ரா அட்டாக் (ஒரு ஆக்‌ஷனில் இரண்டு அடி) வந்ததும் ஸ்லாஷிங் ஃப்ளரிஷ் திறனை வைத்து ஒரே டர்னில் பல அம்புகள் பறக்கும். இரண்டாவது ஆக்டில் ரீத்வின் ஊரின் மேசன்ஸ் கில்ட் அடித்தளத்தில் ஹெல்மெட் ஆஃப் ஆர்கேன் அக்யூட்டி இருக்கிறது. அதை அணிந்தால், ஆயுதத்தால் காயம் ஏற்படுத்தும்போதெல்லாம் அடுத்து போடும் ஸ்பெல்லைத் தடுப்பது எதிரிக்குக் கடினமாகிக்கொண்டே போகும். மூன்றாவது ஆக்டில், சர்க்கஸில் அகாபி என்ற ஜின்னின் சக்கரம் தள்ளிவிடும் காட்டில் பேண்ட் ஆஃப் த மிஸ்டிக் ஸ்கவுண்ட்ரல் மோதிரம் கிடைக்கும். அது வந்தபின் முதலில் அம்பு, பிறகு அதே டர்னில் கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் மனித உருவ எதிரியை உறைய வைக்கும் ஹோல்ட் பர்சன் ஸ்பெல். அதை ஒவ்வொரு லெவல் உயர்த்திப் போடும்போதும் இன்னொருவர் உறைவார். ஒன்று கவனிக்க வேண்டும்: பார்ட் அடிவாங்கினால் அந்த ஹெல்மெட்டால் சேர்த்த அக்யூட்டி குறையும். ஆகவே தூரத்தில், உயரத்தில் நிறுத்துங்கள்.

உறைந்தவர் அருகில் நின்று அடித்தால் கிரிட்டிக்கல் (டேமேஜ் டைஸ் இரட்டிக்கும் அடி) உறுதி. பாலடினின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. இரண்டாம் லெவல் ஸ்லாட்டில் (ஸ்பெல் போடும் வாய்ப்பு) ஸ்மைட் போட்டால் கூடுதல் டேமேஜ் 3டி8 (எட்டுப் பக்க டைஸ் மூன்று), கிரிட்டிக்கலில் 6டி8. ஆனால் பாலடினை அணியில் வைப்பதற்கு உண்மையான காரணம் ஆறாவது லெவலில் வரும் ஆரா ஆஃப் புரொடெக்‌ஷன். 3 மீட்டருக்குள் நிற்கும் எல்லாருடைய சேவிங் த்ரோவிலும் (ஆபத்தைத் தடுக்க உருட்டும் டைஸ்) அவரது கரிஸ்மா போனஸ் கூடும். அணி சிதறி நின்றால் இந்த ஆரா வீண். அதே சமயம் அடைத்துக்கொண்டு நின்றால் ஒரே ஃபயர்பாலில் நால்வரும் வேகுவார்கள். மங்க்கையும் சார்சரரையும் உள்ளே, பார்ட்டை வெளியே என்று பிரிப்பது நடைமுறையில் நன்றாக நிற்கிறது.

மங்க்குக்கு டாவர்ன் பிராலர் ஃபீட். வெறுங்கை அடிக்கு ஸ்ட்ரெங்த் போனஸ் இரண்டு முறை சேரும். ஹில் ஜயண்ட் எலிக்ஸர் குடித்தால் ஸ்ட்ரெங்த் 21, லாங் ரெஸ்ட் (கேம்பில் எடுக்கும் இரவு ஓய்வு) வரை நிற்கும். ஆகவே ஸ்ட்ரெங்த்தில் 8 மட்டும் வைத்துவிட்டு மிச்சப் புள்ளிகளை டெக்ஸ்டெரிட்டியிலும் விஸ்டமிலும் போடலாம். எலிக்ஸரை முதல் ஆக்டில் ஆண்ட்டி எத்தெல் விற்கிறாள். லாங் ரெஸ்ட் எடுத்தால் சரக்கு மறுபடி வரும். அவளோடு சண்டைக்குப் போவதற்கு முன்பே வாங்கிக் குவித்துவிடுங்கள். லாங் ரெஸ்ட் ஒன்றுக்கு உணவுப் பொருள் 80 செலவாகும், கண்ணில் பட்ட ரொட்டி, மீன் எதையும் விடாதீர்கள்.

சார்சரரின் கணக்கு எளிது. நனைந்த எதிரிக்கு மின்னல் இரட்டிப்பாக விழும். லைட்னிங் போல்ட் 8டி6, டெம்பெஸ்ட் கிளெரிக்கின் டிஸ்ட்ரக்டிவ் ராத் அதை முழு 48 ஆக்கும், நனைந்தவருக்கு 96. ஷார்ட் ரெஸ்ட்டுக்கு (சிறு ஓய்வு) ஒரு முறைதான் அது கிடைக்கும், ஆனால் பார்ட்டின் சாங் ஆஃப் ரெஸ்ட் இன்னொரு ஷார்ட் ரெஸ்ட் தருகிறது. பலர் சறுக்கும் இடம், கிளெரிக்கை முன்கூட்டியே கலப்பது. அப்படிச் செய்தால் லைட்னிங் போல்ட் ஏழாவது லெவல் வரை தள்ளிப்போகும். ஐந்து வரை முழு சார்சரராகவே வாருங்கள். பிறகு கேம்பில் இருக்கும் விதர்ஸிடம் 100 பொற்காசு கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போதும் முதல் லெவல் சார்சரராகவே இருக்கட்டும், கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவிங் த்ரோவில் தேர்ச்சி அப்போதுதான் கிடைக்கும்.

மற்ற மோடுகளில் கொண்டாடப்படும் ஹேஸ்ட் (டர்னில் கூடுதல் ஆக்‌ஷன் தரும் ஸ்பெல்) இங்கே அவ்வளவு பெறாது. கூடுதல் ஆக்‌ஷனில் எக்ஸ்ட்ரா அட்டாக் வேலை செய்யாது, ஒரே அடிதான். ஸ்பெல்லைப் போட்டவரின் கான்சென்ட்ரேஷன் (கவனம்) உடைந்தால் ஹேஸ்ட் வாங்கியவர் ஒரு டர்ன் செயலற்று நிற்பார். இருவருக்கு இரட்டித்துப் போட்டிருந்தால் இருவருமே.

சண்டைக்கு வெளியேயும் ஆட்டம் முடியும். கித்யாங்கி இனத்தாரின் கிரெஷில் (முகாம்) அவர்கள் அரசி விலாக்கித் முன் அடம்பிடித்தால் டைஸ் உருட்டும் வாய்ப்புகூட இல்லாமல் மொத்த அணியும் சாகும். அவள் பேசும்போது பணிந்து பதில் சொல்லி வெளியே வாருங்கள். லாஸ்ட் லைட் இன் என்ற விடுதியை இருளிலிருந்து காக்கும் இசபெலிடம் பேசினாலே அவளைக் கடத்த மார்கஸ் வந்துவிடுவான். அவள் வீழ்ந்தால் விடுதியே இருளில் போகும். ஆகவே பேசுமுன் மற்ற மூவரையும் பிரித்து அவள் அறையில் சுற்றி நிறுத்திவிடுங்கள். அவளுக்கு வார்டிங் பாண்ட் போட்டால் விழும் அடி பாதியாகும், மறுபாதி போட்டவர் மேல் விழும். அதைப் பாலடின் தாங்குவார்.

இந்த அணிக்குப் பலவீனமும் உண்டு. வெர்ம்வேயில் அன்சர் டிராகனிடம் மின்னல் செல்லாது, ஹோல்ட் பர்சனும் செல்லாது. மங்க்கும் பாலடினும்தான் அடிக்க வேண்டும். அன்சர் பெரும் மின்னல் வெடிப்புக்குச் சக்தி சேர்க்கத் தொடங்கிய உடனே சார்சரர் காயமே படாத வட்டம் தரும் குளோப் ஆஃப் இன்வல்னரபிலிட்டி ஸ்க்ரோலைப் படிக்க வேண்டும், மற்ற மூவரும் அந்த வட்டத்துக்குள் வந்துவிட வேண்டும். ஸ்க்ரோல் இல்லையென்றால் அந்தச் சண்டையைத் தொடாமல் விடலாம், கதைக்கு அது கட்டாயம் இல்லை.

கடைசி ஏற்பாடு எந்தப் பெரிய சண்டைக்கும் பொருந்தும். பார்ட் கையில் இன்விசிபிலிட்டி மருந்து ஒன்று எப்போதும் இருக்கட்டும். மூவர் விழுந்தாலும் அவர் விலகி ஓடி கேம்புக்குப் போய்விட்டால் ஆட்டம் நீடிக்கும். விதர்ஸ் ஆளுக்கு 200 பொற்காசுக்கு எழுப்பிவிடுவார், ஆகவே 600 பொற்காசைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள்.