மதுரைக் கறிச்சாப்பாட்டுக்குச் சிவப்பு ஒயின்: சூலா ஷிராஸா, குரோவர் லா ரிசர்வா?

மூன்று வருடமாக எங்கள் வீட்டில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டன் சுக்காவோடு ஒரு சிவப்பு ஒயின் பாட்டில் திறக்கிறோம். நான், மனைவி, மனைவியின் அண்ணன், அவர் மனைவி என்று நான்கு பேர். 750 மில்லி பாட்டிலில் ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊற்றினால் ஒரு கிளாஸ் மிஞ்சும். இத்தனை நாளில் பல பாட்டில்களைச் சுற்றிவிட்டு கடைசியில் இரண்டில் வந்து நின்றோம்: நாசிக்கின் சூலா ஷிராஸ் கேபர்னே, பெங்களூருக்குப் பக்கத்து நந்தி மலை அடிவாரத்தின் குரோவர் லா ரிசர்வ். நான் எடுத்தது சூலா.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இனிப்பான போர்ட் ஒயின் விலை குறைவு, ஆனால் அது கிறிஸ்துமஸ் கேக்கோடு போகும், கறியோடு போகாது. ஆஸ்திரேலிய ஜேக்கப்ஸ் கிரீக்கிலும் இதே ஷிராஸ் கேபர்னே கலவை இருக்கிறது, நல்ல ஒயின்தான். ஆனால் வெளிநாட்டு ஒயினுக்கு நம் நாட்டில் சுங்க வரியே 150 சதவீதம் வரை இருந்தது. 2022 இறுதியில் அமலுக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்தால் ஆஸ்திரேலிய ஒயினுக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு ஒயினுக்குப் போவதில்லை என்று தெரிந்த பிறகு அந்தப் பக்கம் கை போகவில்லை.

சூலாவும் லா ரிசர்வும் ஷிராஸ், கேபர்னே என்ற ஒரே இரண்டு திராட்சை வகைகளில் செய்தவை, வரிசைதான் தலைகீழ். சூலாவில் ஷிராஸ் முன்னால், லா ரிசர்வில் கேபர்னே முன்னால். லா ரிசர்வை பிரெஞ்சு ஓக் பீப்பாயில் வைத்துப் பக்குவப்படுத்துகிறார்கள். 1988இல் தொடங்கிய தோட்டம், பிரான்ஸின் பிரபல ஒயின் நிபுணர் மிஷெல் ரோலாண்ட் நெடுங்காலம் ஆலோசனை சொன்ன இடம். தனியாக வைத்துக் குடித்தால் லா ரிசர்வ்தான் மேலான ஒயின், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விலையும் அதற்கேற்பக் கூடுதல்.

ஆனால் நாங்கள் தனியாக வைத்துக் குடிக்கவில்லை. சுக்கா இருக்கிறது, மதுரை வெயில் இருக்கிறது.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த அறை ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. சித்திரையில் எங்கள் வீட்டு ஹாலில் மின்விசிறிக்குக் கீழேயே 34 டிகிரி. அந்தச் சூட்டில் ஊற்றிய ஒயினில் முதலில் எழும்புவது ஆல்கஹால் நெடிதான், பழ வாசனையெல்லாம் அமுங்கிவிடும். அதனால் இங்கே சிவப்பு ஒயினையும் ஃபிரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும். எனக்கு முடிவைச் சொன்னது இந்த ஒரு விஷயம்தான். ஒயினைக் குளிர வைத்தால் துவர்ப்பு தூக்கலாகத் தெரியும். லா ரிசர்வில் கேபர்னேயின் துவர்ப்போடு ஓக் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்திருக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஊற்றினால் வாழைப்பூவை மோரில் போடாமல் சமைத்த மாதிரி நாக்கில் பிடிக்கும். குளிர வைக்காவிட்டால் நெடி. சூலா ஷிராஸின் துவர்ப்பு மெல்லியது, அதனால் குளிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால், பாட்டிலின் மேல் முத்து முத்தாக வியர்த்திருக்கும் நேரத்தில் ஊற்றலாம். பழச் சுவை தெளிவாக வரும்.

அடுத்தது காரம். மிளகாயின் காரத்தை நம் வாயில் உணர்வது சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பி. ஆல்கஹாலும் அதைத்தான் தூண்டுகிறது. ஒயின் சூடாக இருந்தால் இன்னும் மோசம். முதல் வருடம் ஒரு மே மாதத்தில் லா ரிசர்வை அப்படியே அலமாரியிலிருந்து எடுத்து, காரம் தூக்கலான நாட்டுக்கோழி வறுவலோடு வைத்தேன். ஒரு வாய் குடித்த மச்சான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "என்ன மாப்ள, குடிச்சா காரம் அடங்கும்னு பார்த்தா இன்னும்ல ஏறுது" என்றார். உண்மைதான், எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சுக்கா அப்படியில்லை. எங்கள் வீட்டுச் சுக்காவில் மிளகாய் கம்மி, மிளகு அதிகம். சின்ன வெங்காயம் நிறைய, சோம்பு, கறிவேப்பிலை, கறியில் நறுக்கிப் போட்ட கொழுப்பு. தண்ணீர் சுண்டி, கொழுப்பு உருகி, கறித்துண்டின் ஓரம் கருக்கென்று ஆகும் வரை அடுப்பில் இருக்கும். ஷிராஸில் மிளகு வாசனை வருவது வெறும் கற்பனை இல்லை. ரொட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் ஷிராஸ் திராட்சைத் தோலிலும் மிளகிலும் அந்த வாசனையைத் தருகிறது, 2008இல் ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்தார்கள். கறியின் புரதமும் கொழுப்பும் மிச்சமிருக்கும் துவர்ப்பையும் எடுத்துவிடும். ஒரு துண்டு சுக்கா, ஒரு மிடறு ஒயின் என்று போனால் இரண்டும் ஒன்றுக்கொன்று ருசி கூட்டுகின்றன.

கறி தோசைக்கும் இதுவே பொருந்தும். பன் பரோட்டாவும் சால்னாவும் என்றால் இன்னும் நல்லது, தேங்காயும் கசகசாவும் காரத்தை மட்டுப்படுத்திவிடும். புளி ஊற்றிய குழம்பு எதுவும் வேண்டாம், அந்தப் புளிப்புக்கு முன்னால் ஒயின் சப்பென்று ஆகிவிடுகிறது. அயிரை மீன் குழம்போடு இரண்டே முறை வைத்துப் பார்த்தேன், இரண்டு முறையும் வாயில் இரும்பு வாடை. இரண்டு முறையை வைத்துத் தீர்ப்பு சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் மூன்றாவது முறை வைக்கவும் தோன்றவில்லை.

மூடியையும் பார்க்க வேண்டும். சூலாவுக்குத் திருகு மூடி, நான் வாங்கிய லா ரிசர்வுக்கெல்லாம் தக்கை. ஒரு தடவை உசிலம்பட்டியில் உறவினர் வீட்டுக்குப் போனபோது தக்கை பாட்டிலைக் கார் டிக்கியிலேயே விட்டுவிட்டேன். சாயங்காலம் திறந்தால் தக்கை அரை விரல் உயரம் மேலே எழும்பி நிற்கிறது, கழுத்தில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு ஒழுகிக் காய்ந்திருக்கிறது. ருசி பார்த்தேன், வேகவைத்த திராட்சை மாதிரி இருந்தது, கொட்டிவிட்டேன். அந்த வெயிலில் திருகு மூடி போட்ட ஒயினும் கெட்டுத்தான் போகும், அதை மறைக்கவில்லை. திருகு மூடியின் பயன் திறந்த பிறகுதான். மிஞ்சிய ஒரு கிளாஸை மூடி இறுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் வரை நன்றாக இருக்கிறது. தக்கையைத் திரும்பச் செருகி வைத்த பாட்டிலில் இரண்டாம் நாளே லேசாகக் காடி வாடை வந்தது. வாங்கும்போதே கேரிபேக்கோடு பழைய செய்தித்தாள் சுற்றி, நேரே வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் படுக்க வைப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

லா ரிசர்வை முழுதாக விட்டுவிடவில்லை. பொங்கல் முடிந்து தை மாத ராத்திரிகளில் இங்கே 20 டிகிரியை ஒட்டி இறங்கும். அப்போது ஃபிரிட்ஜே தேவையில்லை, மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். அன்றைக்குச் சுக்கா கிடையாது. பொட்டுக்கடலை அரைத்துச் சேர்த்து, மிளகாயைக் குறைத்து மனைவி பொரிக்கும் கோலா உருண்டை ஒரு தட்டு. வருடத்துக்கு ஒரு பாட்டில் லா ரிசர்வை அதற்காகவே வாங்குகிறேன்.