கேரம் கண்ணோடு பூல் டேபிளுக்குப் போனவனின் மூன்று வருடங்கள்

நாகர்கோவிலில் ஒரு மாடி அறையில் கிடக்கும் எட்டடி பூல் டேபிளில் மூன்று வருடத்துக்கு மேலாக ஆடி வருகிறேன். வாரத்துக்கு இரண்டு சாயங்காலம், பெரும்பாலும் எட்டுப் பந்து ஆட்டம்: முழு நிறப் பந்து ஏழு, பட்டை போட்டது ஏழு என இரண்டு வகை; ஆளுக்கு ஒரு வகை. தன் ஏழையும் பைக்குள் போட்டுவிட்டு எட்டாம் எண் கறுப்பை முடிப்பவர் ஜெயிப்பார். ஸ்டிக், டிப், சாக் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்றை: குனிவதற்கு முன் டேபிளைப் படிக்கிற பழக்கம்.

நான் கேரமில் இருந்து வந்தவன். பள்ளிக்கூட நாளில் இருந்தே ஊர் மன்றத்தில் போர்டைச் சுற்றித்தான் பொழுது போகும். அதனால் வெட்டி அடிப்பது புதிதில்லை. முதல் மாதத்திலேயே பந்துகள் விழத் தொடங்கின. ஆட்டத்தைத்தான் தோற்றுக்கொண்டே இருந்தேன். மூன்று பந்து அழகாகப் போவதும், நாலாவதுக்கு வெள்ளை, அதாவது ஸ்டிக்கால் நாம் அடிக்கிற பந்து, எதிராளியின் பந்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வதும் வழக்கமாகிவிட்டது. நேரம் சரியில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய அண்ணாச்சி ஒருவர் அங்கே வருவார். அவர்தான் ஒருநாள் கேட்டார். “மக்களே, பந்து விழும், சரி. வெள்ளை எங்க போய் நிக்கும்னு பாத்தியா?”

“இல்ல அண்ணாச்சி.”

“பொறவு?”

அந்தப் ‘பொறவு’க்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில்தான் புரிந்தது. கேரமில் அடித்து முடித்ததும் ஸ்ட்ரைக்கர் கைக்குத் திரும்பி வந்துவிடும். கோட்டில் பிடித்த இடத்தில் வைத்து அடுத்ததை அடிக்கலாம். பூலில் வெள்ளை நின்ற இடத்தில் இருந்துதான் அடுத்த அடி. இருபது வருடமாக ஸ்ட்ரைக்கர் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்காமல் வளர்ந்த கண் எனக்கு.

அதன்பிறகு கடைசியில் இருந்து பார்க்கப் பழகினேன். முதலில் எட்டு எந்தப் பையில் விழும் என்று முடிவு செய்வேன். அதற்கு வசதியாக வெள்ளையைக் கொண்டுவிடக்கூடிய பந்து எது, அதற்கு முந்தியது எது என்று பின்னோக்கிப் போவேன். சிவப்பைப் போட்டால் அடுத்ததாக நம் காய் ஒன்றைக் கவராகப் போட வேண்டும் என்று கேரமில் யோசிப்போமே, அதன் நீட்சிதான். ஏழு பந்துக்கும் திட்டம் போட இன்றும் எனக்கு வராது. கடைசி மூன்றை முடிவு செய்துவிட்டு, இடையில் இருப்பதை இரண்டிரண்டாகப் பார்க்கிறேன்.

இதைவிடப் பெரிய பலன், எந்த வகையை எடுப்பது என்பதில் கிடைத்தது. முன்பெல்லாம் பிரேக்கில், அதாவது கூட்டத்தைக் கலைக்கும் முதல் அடியில், எது அதிகம் விழுந்ததோ அதையே பிடித்துக்கொள்வேன். இப்போது எந்த வகையில் சிக்கல் குறைவு என்று பார்க்கிறேன். டேபிள் ஓரத்து ரப்பரான குஷனை ஒட்டிக் கிடப்பவை எத்தனை, ஒன்றோடொன்று அப்பிக் கிடப்பவை எத்தனை? சிக்கலானதைக் கடைசிக்கு வைத்தால் தொலைந்தோம். அதை உடைக்கும்போது டேபிளில் நமக்கு வேறொரு எளிய பந்து மிச்சம் இருக்க வேண்டும். ஏழில் ஆறைப் போட்டுவிட்டு ஒன்றில் மாட்டிக்கொள்வதைப் போல மோசமான தோல்வி கிடையாது. எதிராளிக்கு வழிமறித்துக் கிடந்த நம் பந்துகளையெல்லாம் நாமே கூட்டிப் பெருக்கிக் கொடுத்த மாதிரி. முடிக்க முடியாது என்று தெரிந்தால் ஒன்றிரண்டோடு நிறுத்தி, வெள்ளையை ஒளித்து வைப்பதே மேல். இது புத்திக்கு எட்ட எனக்கு ஒரு வருடம் ஆனது.

வெள்ளை போகும் திசைக்கு இரண்டு கணக்கு போதும். மேல் சுழற்சியோ பின் சுழற்சியோ இல்லாமல் சறுக்கிக்கொண்டு போய் மோதினால், அடிபட்ட பந்து போகிற பாதைக்குச் செங்குத்தாக, 90 டிகிரியில் விலகும். இயல்பாக உருண்டு போய் மோதினால், பெரும்பாலான நடுத்தர வெட்டுகளுக்குத் தன் பழைய பாதையில் இருந்து ஏறக்குறைய 30 டிகிரி விலகும். விலகல் என்றுதானே சொன்னேன்? வெள்ளையும் பந்தும் பையும் நேர்கோட்டில் நின்றால் அது இல்லை. வெள்ளை அங்கேயே நிற்கும், அல்லது முன்னும் பின்னும் மட்டும் போகும். பந்து சுலபமாக விழும், அடுத்தது கஷ்டம். அதனால் இப்போது கொஞ்சம் சாய்வு கிடைக்கும்படி நிறுத்தப் பார்க்கிறேன். நடுப்பை விஷயத்திலும் ஏமாந்திருக்கிறேன். வாய் மூலைப்பையைவிட அகலம்தான், ஆனால் பக்கவாட்டில் சாய்ந்து வரும் பந்தை உள்ளே விடாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இங்கே ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. துணியில் ஈரம் ஏறினால் கோடையில் குஷனைத் தொட்டுத் திரும்பிய அதே அடி, மழைநாளில் ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடுகிறது. ஓரத்தில் பதித்த புள்ளிகளை எண்ணி அடிக்கும் முறையை ஆசையாகக் கற்றேன். மழைக்காலத்தில் எங்கள் டேபிள் அந்தக் கணக்கை மதிப்பதில்லை. பையே இல்லாத மூன்று குஷன் பில்லியர்ட்ஸ் டேபிள்களில் ஈரம் தங்காமல் இருக்க துணிக்குக் கீழே இருக்கும் ஸ்லேட் கல்லுக்கு அடியில் ஹீட்டரே வைக்கிறார்கள் என்று படித்தபோது பொறாமையாக இருந்தது. இங்கே மின்விசிறி சுற்றினாலே பெரிய விஷயம். அதனால் போனதும் முதல் ஐந்து நிமிடம் பந்தைப் போடாமல், வெள்ளையை மட்டும் மெதுவாக நீளவாக்கில் உருட்டிப் பார்ப்பேன். எவ்வளவு தூரம் ஓடுகிறது, கடைசியில் எந்தப் பக்கம் வழிகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். எங்கள் டேபிள் ஜன்னல் பக்க மூலைக்கு இலேசாகச் சரியும். உரிமையாளரிடம் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது, மட்டம் பார்க்க இன்னும் ஆள் வரவில்லை. அந்த மூலைக்கு மெதுவாக அடிப்பதை நான் லாபமாக்கிக்கொண்டேன், அது வேறு கதை.

இன்னொன்று, நேரம் பிடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் டேபிளைச் சுற்றி நடந்தால் காத்திருப்பவர்களுக்குக் கடுப்பு வரும். “என்ன, சுசீந்திரம் பிரகாரமா?” என்று கேட்டிருக்கிறார்கள். மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஆடும் இடத்தில் அது நியாயமான கேள்விதான். இப்போது எதிராளி அடிக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்கிறேன். என் முறை வந்தால் ஒரே ஒரு சுற்று.

பழக்கத்தால் என் குறி ஒன்றும் கூடிவிடவில்லை. நீளமான வெட்டு இன்றைக்கும் பாதிதான் விழுகிறது. ஆனால் அப்படிப்பட்ட அடியே முன்பைவிடக் குறைவாகத்தான் வருகிறது. மூன்றில் நின்றவன் இப்போது ஐந்து, ஆறு வரை போகிறேன். ஏழையும் போட்டு எட்டையும் முடித்த ஆட்டங்களும் உண்டு.

ஒரு பக்க விளைவு. போன பொங்கலுக்கு மன்றத்தில் கேரம் ஆடினேன். வெள்ளைக்காய் சுத்தமாகக் குழிக்குள் போயிற்று. ஸ்ட்ரைக்கர் போய் இரண்டு கறுப்புக்கு நடுவில் மாட்டியதைப் பார்த்து, “சே” என்றேன். எதிரே இருந்தவன் ஸ்ட்ரைக்கரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, என்ன ஆச்சு என்பது போலப் பார்த்தான்.