க்ரூஸர் வாங்கும் முன் பின் ஷாக்கைப் பாருங்கள்

ஷோரூமில் நிற்கும் க்ரூஸர் பைக்கில் ஏறி உட்கார்ந்தால் எல்லாமே சோபாதான். 150 கிமீ தாண்டிய பிறகுதான் இடுப்பு பேச ஆரம்பிக்கும். கால் முன்னால் நீண்டிருப்பதால் பள்ளத்தைப் பார்த்ததும் ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கம்பி) ஊன்றி எழ முடியாது. அடி முழுக்க வால் எலும்பில் இறங்கும். அதனால் முதலில் கேட்க வேண்டியது, அந்த அடியை வாங்கும் ஸ்பிரிங் அமைப்பான பின் ஷாக்கில் பின் சக்கரம் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பதை.

2021-இல் வந்த ஹார்லி ஸ்போர்ட்ஸ்டர் எஸ்ஸில் அது வெறும் 51 மிமீயாக இருந்தது. 121 குதிரைசக்தியோடு சீறிப் பாயும், சரி. ஆனால் டேங்க் 11.8 லிட்டர்தான், தொலைதூரத்துக்கு ஆகாது. 1,133 சிசி இந்தியன் ஸ்கவுட்டில் 76 மிமீ, கவாஸாகி வல்கன் எஸ்ஸில் 80, 2020-இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர் 18-இல் 90, ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650-இல் 101.

அந்த 101-ஐ மட்டும் நம்பிவிடக் கூடாது. சூப்பர் மீட்டியாரின் பின் ஸ்பிரிங் விறைப்பு; தனியாக ஓட்டினால் குழிகளில் தூக்கிப் போடும். பின் சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே ஃபெண்டரில் (மட்கார்டு) ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஜாக்கெட், பை சகிதம் உட்கார்ந்து இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 30 மிமீ அளவில் இருக்க வேண்டும். ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) கடைசிப் படிக்கு இறக்கியும் 20-ஐத் தொடவில்லை என்றால் அந்த ஸ்பிரிங் உங்கள் எடைக்கானதல்ல. ஷாக்கை மாற்றாமல் சீட்டுக்கு ஜெல் போடுவது வீண் செலவு.

பவர் விஷயத்தில் குதிரைசக்தியைவிட டார்க் (சுழற்றும் விசை) எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) வருகிறது என்பதே முக்கியம். சூப்பர் மீட்டியாரின் 52.3 நியூட்டன் மீட்டர் 5,650-இல்தான் முழுதாகக் கிடைக்கும். வண்டி எடையோ 241 கிலோ. பின்னால் ஆளும் பெட்டியும் இருந்தால் லாரியைத் தாண்ட ஒரு கியர் இறக்கியே ஆக வேண்டும். அந்த 2020 ஆர் 18 தரும் 158 நியூட்டன் மீட்டர் 3,000-இலேயே வந்துவிடும், டாப் கியரில் த்ராட்டிலைத் திருகினால் போதும். ட்ரையம்ஃப் ராக்கெட் 3-இன் 220-க்கு மேற்பட்ட டார்க் யாருக்கும் தேவைக்கு மேல்.

ஆனால் ஆர் 18-இல் ஒரு வில்லங்கம். படுத்தபடி எதிரெதிரே இருக்கும் பாக்ஸர் சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருப்பதால் காலை முன்னால் நீட்ட இடமில்லை. க்ரூஸரில் கால் நீட்ட முடியாவிட்டால் என்ன பயன்? வல்கன் எஸ் இதற்கு நேரெதிர்: ஃபுட்பெக்கையே மூன்று நிலைகளில் மாற்றிப் பொருத்தலாம், சீட் உயரமும் 705 மிமீதான். குள்ளமானவர்களுக்கு முதல் தேர்வு.

பின் சக்கரத்தைச் சுழற்றுவது செயினா பெல்ட்டா என்பதும் பயணத்தில் தெரியும். சூப்பர் மீட்டியார், வல்கன், ஹோண்டா ரெபெல் 1100 மூன்றும் செயின்; 500 கிமீக்கு ஒருமுறை, வண்டி நின்றதும் செயின் சூடாக இருக்கும்போதே லூப் (உயவு எண்ணெய்) அடிக்க வேண்டும். ஹார்லியின் பெல்ட்டுக்கு அந்த வேலையில்லை. ஆனால் ஜல்லிப் பாதையில் ஓடியபின் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைப் பாருங்கள், சிக்கிய சிறு கல் பெல்ட்டையே துளைத்துவிடும்.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எங்கள் ஓட்டு 2024 வரை வந்த 114 (கன அங்குல) இன்ஜின் ஹார்லி ஹெரிடேஜ் கிளாசிக்குக்கு: 1,868 சிசி, 18.9 லிட்டர் டேங்க், கழற்றக்கூடிய விண்ட்ஸ்க்ரீன், பக்கப் பெட்டிகள். நெரிசலில் பின் சிலிண்டர் தொடையைச் சுடும், 330 கிலோவை ஒட்டிய எடையைத் தள்ளித் திருப்புவதும் லேசல்ல. வாங்கினால் விண்ட்ஸ்க்ரீனின் மேல் விளிம்பு மூக்கு மட்டத்தில் இருக்கட்டும். கண் மட்டத்துக்கு வந்தால் மழையில் சாலையே தெரியாது.