மூன்று வருஷம் ஒரு ரோல்-அப் ஸ்டாண்டியோடு

குலசேகரத்தில் பேக்கரி வைத்திருக்கும் சித்தி மகன் நேற்று போனில் கேட்டான்: "அண்ணே, ரோல்-அப் ஸ்டாண்டி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். கொள்ளாமா?" கேட்ட நேரம் சரியில்லை. என் வலது ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர். அந்த ஸ்டாண்டி செய்த வேலைதான்.

மார்த்தாண்டத்தில் தேன் விற்கிறேன். அடிப்பெட்டிக்குள் சுருண்டிருக்கும் விளம்பரப் பேனரை மேலே இழுத்து நிறுத்துகிற இரண்டரைக்கு ஆறடி ஸ்டாண்டி ஒன்று சந்தை, பள்ளி ஆண்டு விழா, கோயில் திருவிழா என்று என்னோடு அலைகிறது. ஸ்கூட்டரில் இரண்டு காலுக்கும் நடுவே நட்டமாக நிற்கும். போய் இறங்கி, கம்பத்தின் மூன்று துண்டையும் சொருகி, பேனரை இழுத்து மாட்டினால் கடை தயார். தேன் பாட்டில்களை அடுக்கத்தான் நேரம் ஆகும்.

எரிச்சல் எங்கே என்றால், பேனரைப் பெட்டிக்குள் சுருட்டுகிற அந்த ஸ்பிரிங் ஓய்வதே இல்லை. பழைய ஜன்னல் திரைச் சுருளில் ஒரு பல்சக்கரமும் கொண்டியும் இருக்கும். மெதுவாக இழுத்து விட்டால் கொண்டி பல்லில் விழுந்து திரை அங்கேயே நிற்கும். சட்டென்று சுண்டிவிட்டால், உருளை சுற்றுகிற வேகத்தில் கொண்டி விலகியே இருக்க, திரை மேலே ஏறிவிடும். 1864-இல் ஸ்டூவர்ட் ஹார்ட்ஷார்ன் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு. என் ஸ்டாண்டியில் அப்படி ஒன்றும் கிடையாது. நிறுத்தி வைத்த நேரமெல்லாம் ஸ்பிரிங் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும், அந்த ஒல்லிக் கம்பம் ஒன்றுதான் தடுக்கும். ஆடி மாதம் ஆரல்வாய்மொழியில் நிறுத்தியபோது காற்றில் கம்பம் குழியை விட்டு எகிறியது. அடுத்த நொடி பேனர் 'சடார்' என்று பெட்டிக்குள். தேன் வாங்க நின்ற பாட்டி "அம்மோ!" என்று அலறிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை விலை மாற்றிய பிரிண்டைப் போட உட்கார்ந்தேன். புதுசை ஒட்டி முடிக்கும் முன்பே, உருளையைச் சுற்றவிடாமல் பிடிக்கும் லாக் பின்னை உருவித் தொலைத்துவிட்டேன். உருளை கர்ரென்று சுற்றி, பிரிண்டை ஒட்டுகிற பட்டையையும் உள்ளே இழுத்துக்கொண்டது. பிரிண்ட் போட்ட கடையில் "ஸ்பிரிங் போச்சு, புதுசு வாங்குங்க" என்றார்கள். வீட்டில் பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பிரிங்குக்கு ஒன்றுமில்லை, முறுக்குதான் அவிழ்ந்திருக்கிறது. கட்டிங் பிளேயரால் அச்சைப் பிடித்து எண்ணிக்கொண்டே முறுக்கினேன். பதிமூன்றாவது சுற்றில் கை நழுவ, பிளேயர் திரும்பி விரலைப் பதம் பார்த்தது. மறுபடி ஒன்றிலிருந்து. பதினாலு சுற்றோடு பின்னைப் போட்டேன். இப்போது புதுசில் இருந்ததைவிட நன்றாகவே இழுக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் பிரிண்ட். முதலில் போட்டது சாதாரண ஃப்ளெக்ஸ், வெயிலில் ஓரம் அப்பளமாகச் சுருண்டது. இப்போது ஃபிலிம். சாரலில் நனைந்தால் துடைக்காமல் சுருட்டக் கூடாது. குளச்சல் பக்கம் போய் வந்தால் மணலைத் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தடவை பிரிண்ட் முழுக்கக் கீறல். சுருட்டும்போது பேனரின் மேல் கம்பியை விடாமல் கூடவே குனிந்து கீழே கொண்டுவிட வேண்டும், தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி.

இதெல்லாம் சொல்லிவிட்டு, "வேண்டாம்லே, எக்ஸ் ஸ்டாண்டு வாங்கு. எக்ஸ் மாதிரி நாலு கம்பு, மாட்ட பேனரில் நாலு ஓட்டை, ஸ்பிரிங்கும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது" என்றேன்.

"அப்போ உங்க ஸ்டாண்டியை எனக்குத் தாங்க."

தர முடியாது என்றேன். சனிக்கிழமை திங்கள்சந்தையில் எனக்கு வேணும்.